சந்தேகப் பெட்டி

சுண்டுவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் "ம்" என்பாய். நீ போனில் கொடுத்த "ம்" என்னிடம் வீடு கொள்ளாமல் கிடக்கிறது.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி விளக்கு போய்விட்டதால் இறங்கும்போதுதான் பயமாக இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன், "பாக்கலாம்மா" என்றார். இருட்டில் எதைப் பார்ப்பாரோ தெரியவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. அம்மா அதற்குப் பால் ஊற்றிவிட்டு, "சுண்டு இருந்தா இந்நேரம் பேர் வெச்சிருப்பா" என்று என்னைப் பார்க்கிறாள். நான் பெயர் வைத்தால் பூனை திரும்பிப் பார்க்காதா என்ன?

கடிதத்தை என் வழக்கப்படி பக்கம் கட்டி, பிடிஎஃப் ஆக்கி உன் போனுக்கு அனுப்புகிறேன். செய்தித்தாள் போல இரண்டு பத்தி, தாராளமான ஓரம், கீழே பக்க எண். மெசேஜாக அடித்து அனுப்பினால் வரிகள் கண்ட இடத்தில் உடைந்து நிற்கும், அது எனக்கு ஆகாது. நான் எழுதியது நான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். நீயும் அப்படி இருந்திருக்கலாம் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் லாண்டரிக் கம்பெனியின் தொழில் கையேட்டைப் போனில் படிக்கிற பாடமாக்கும் வேலை எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்திருக்கிறது. பாடத்தின் அடியில் எங்கள் ஆபீஸ் பெயர் இருக்கிறது, நீ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். அந்தக் கையேடு புத்தகமாக வந்தபோது பக்கம் கட்டியவள் நான். ஆஸ்பத்திரித் துணியைத் தனியாகப் பிரிப்பதிலிருந்து துணி தேய்க்கும் நீராவி உருளைக்கு முன்னால் எங்கே நிற்பது என்பதுவரை ஒவ்வொரு படமும் நான் வரைந்தது. சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உன்னையும் அம்மாவையும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடவைத்தேனே, அந்த வேலைதான்.

மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "பிடிஎஃப் இருக்கில்ல, அதையே பாடத்துக்குள்ள வெச்சிடுங்க, வேலை முடிஞ்சுது" என்றார். எனக்கும் சரி என்றே பட்டது. பக்கம் நன்றாக இருந்தால் எங்கே வைத்தாலும் நன்றாகத்தானே இருக்கும்? ஐந்தாம் பாடத்தையும் ஆறாம் பாடத்தையும் அப்படியே பக்கம் பக்கமாக ஏற்றிவிட்டேன். முதல் நான்கு பாடங்களைப் புதிதாக வந்த ஒருத்தியிடம் கொடுத்தார். அவளை ஆபீஸில் எல்லாரும் கட்டைவிரல் என்றுதான் கூப்பிடுகிறோம். எதைக் கொடுத்தாலும் போனை ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, "எட்டல" என்பாள். பக்கத்தைப் பார்க்கத் தெரியாது. விரல் எட்டுகிறதா என்று மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே "சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி உண்டு. ஆபீஸில் அதைச் சந்தேகப் பெட்டி என்போம். படிப்பவர்கள் புனைபெயரில் எழுதுவார்கள், பாடம் செய்தவர் "பாடக்குழு" என்ற பெயரில் பதில் போடுவார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேனேஜர் பெரிய திரையில் அதைக் காட்டினார். இரண்டாம் பாடத்தின் அடியில் முதல் பெயரே சுண்டு. உலகத்தில் எத்தனை சுண்டு இருக்க முடியும், அதுவும் லாண்டரியில்?

"அக்கா, சூப்பர். வேலை முடிஞ்சதும் ஈரக் கையோட ஒரே விரலால படிச்சு முடிச்சிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அக்காவாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தி அக்கா. ஐந்தாம் பாடத்தின் அடியில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நீ இருந்தாய். "இதை யார் செஞ்சாங்களோ, பெரிசாக்கினா பாதி வரி ஓடிப்போகுது, இழுத்துப் பிடிச்சா மீதி ஓடிப்போகுது. சாண் ஏறினா முழம் சறுக்குது." அறையே சிரித்தது. கட்டைவிரல் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் குறைவாக எரிந்திருக்கும்.

என் பக்கம் உனக்கு அடையாளம் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே எழுதியிருக்கிறாய். எழுது. நன்றாகப் படி, பரீட்சையில் தேறு, சூப்பர்வைசர் ஆகு. அம்மா சார்பில் ஆசி. என் சார்பிலும், வேண்டுமென்றால்.

உடன்பிறந்தவள்


சுண்டு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பெட்டியில் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறாய்.

நான் வேலை வெட்டி இல்லாமல் அதைப் படித்துக்கொண்டிருப்பதாக நினைக்காதே. காலையில் ஆபீஸுக்குப் போனதும் கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பார்ப்பேன். மதியம் ஒரு முறை. கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டு ஒரு முறை. அவ்வளவுதான்.

"அக்கா, ரொம்ப நேரம் குனிஞ்சு உக்காராத, உனக்குக் கழுத்து வலி வரும்." இது மூன்றாம் பாடத்தில். "அக்கா, உன் ஆபீஸ்ல அஞ்சாம் பாடம் செஞ்ச ஆள்கிட்ட கொஞ்சம் சொல்லேன், கண்ணு போகுது." இது நான்காம் பாடத்தில். உனக்கு "நீ" என்று வருகிறது. பார்த்திராத ஒருத்தியிடம் "நீ, வா, போ" என்று உறவாட உனக்கு எவ்வளவு நாள் ஆனது? என்னிடம் இப்போது "ம்" தவிர வேறு சொல் இல்லை, அவளுக்குக் கழுத்து வலிக்குமோ என்று கவலை. என் கழுத்து என்ன தூணா?

இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தக் கட்டைவிரல் உன்னைவிடச் சின்னவள். போன மாதம்தான் அவள் பிறந்தநாளுக்கு ஆபீஸில் கேக் வெட்டினார்கள், வயதை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கை வயதில் இருப்பவளை அக்கா என்று கூப்பிடுகிறாய். அவளும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வாங்கி வைத்துக்கொள்கிறாள். நோகாமல் நுங்கு தின்பது என்றால் அதுதான்.

அவள் செய்த பாடம் என்கிறாயே, அதில் என்ன அவளுடையது? அத்தனையும் என் பக்கத்திலிருந்து எடுத்தது. முதலில் என் பிடிஎஃப்பிலிருந்து வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டப் பார்த்தாள். நான் பயன்படுத்தியது பழைய எழுத்துரு. எடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தெல்லாம் சிதறிவிடும். "மேடம், இது என்ன பாஷை?" என்று வந்து நின்றாள். எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. அப்புறம் விடவில்லை, உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தாள். செய்யும்போதே வாக்கியங்களைச் சின்னதாக வெட்டினாள். நான் ஒரு பத்தியில் சொன்னதை நான்கு திரையாக்கினாள். படங்களைத் தனித்தனியாகக் கத்தரித்துப் பெரிதாக்கினாள். எச்சரிக்கை வருகிற இடத்தில் நான் முக்கோணத்துக்குப் பதிலாக ஒரு கை வரைந்திருப்பேனே, அந்தக் கையையும் விடவில்லை. என் பக்கத்தில் அது ஓரமாக, அடக்கமாக இருக்கும். அவள் பாடத்தில் திரை முழுக்க நிற்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் பெட்டியில் பார்த்திருப்பாய். ஆறாம் பாடத்தில் ஒரு பக்கம் "வெளுப்பு மருந்தை அமிலத்துடன் சேர்க்க" என்று முடிகிறது. அடுத்த பக்கத்தின் தலையில் "கூடாது." புத்தகத்தில் இரண்டும் எதிரெதிர் பக்கம், கண் தானாகத் தாவிவிடும். போனில் தள்ளினால்தான் அடுத்த பக்கம் வரும். தள்ளாதவன் சேர்த்துவிடுவான். யாரோ ஒருவர் பெட்டியில் கேட்டுவிட்டார், "சேர்க்கணுமா?" என்று. நல்லவேளை, கேட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மீதிப் பாடம் எல்லாவற்றையும் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்தில்! அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு என் முகம்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அவ உன்கிட்ட பேசலைன்னா நீ பேசேண்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?" நான் ஆபீஸ் கதையைச் சொன்னால் அம்மா உன் கதைக்குப் போய்விடுகிறாள். அவளுக்கு எல்லாப் பாதையும் உன்னிடம்தான் முடிகிறது.

நீ கிளம்பின அன்று நான் சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். ஆபீஸில் உனக்காகச் சொல்லிவைத்த வேலையை வேண்டாம் என்று வெளியூர் லாண்டரிக்குப் பெட்டியைக் கட்டினாய், எனக்கு ஆத்திரம் வந்தது, "இந்தப் படியை விட்டு எறங்கினா என்னை அக்கான்னு கூப்பிடாத" என்றேன். சொன்னேன்தான். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதை நீ கேட்டிருக்கிறாய், இதை மட்டும் கேட்பதற்கு?

பரீட்சை நெருங்கிவிட்டது என்று பெட்டி சொல்கிறது. நன்றாக எழுது. தேறியதும் உன் புது அக்காவுக்கே முதலில் சொல், அவளுக்குக் கூட்டத்தில் காட்ட உதவும். நான் அம்மா வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

அதே உடன்பிறந்தவள்


சுண்டு,

இதைப் பக்கம் கட்டவில்லை. பெரிதாக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், தள்ளிக்கொண்டே வா. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. இதைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே.

உன் போன் அணைந்திருக்கிறது. அம்மா போனிலிருந்தும் முயன்றேன். வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாயாமே, அது இப்போதுதான் என் காதுக்கு வந்தது. நீ முழுப் பாடத்தையும் முடித்துவிட்டதால் பெட்டியும் மூடிக்கொண்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று மதியம் கட்டைவிரல் என் மேஜைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மேடம், நீங்க போன்ல உங்க அம்மாகிட்ட ‘சுண்டு பேசினாளா’ன்னு கேப்பீங்களே, அந்தச் சுண்டு யாரு?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உனக்கெதற்கு என்றேன். அவள் போனை நீட்டினாள். பெட்டியில் "செய்தவருக்கு மட்டும்" என்று ஒரு கதவு உண்டு, அதில் எழுதினால் மற்றவர் கண்ணில் படாது. நீ அந்தக் கதவு வழியாக எழுதியதெல்லாம் அங்கே இருந்தது.

"அக்கா, அந்தக் கையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. என் சுண்டுவிரல் கோணலை அப்படியே போட்டிருக்க. நீ என்கிட்ட சரியாப் பேசலைன்னாலும் என் கையை வெச்சிருக்க, போதும்."

சுண்டு, அந்த வரியை அவள் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். கதவில் நசுங்கின உன் விரலைப் பார்த்துத்தான் அந்தக் கையை வரைந்தேன். நீ மேஜையில் கையை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வரைடி, மரத்துப்போச்சு" என்று கத்திக்கொண்டிருந்தாய். என் பக்கத்தில் அந்தக் கை போனில் கடுகளவுதான் தெரிகிறது. இப்போதுதான் முதல்முறையாகப் போனில் திறந்து பார்த்தேன். அவள் பெரிதாக்கியதால்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் முதல் நான்கு பாடமும் நான் செய்தது என்று நினைத்துவிட்டாய். நீ அக்கா என்று கூப்பிட்டது என்னை. கழுத்து வலிக்கும் என்றதும் என் கழுத்துக்கு. என் ஆபீஸில் ஒரு உருப்படாத ஆள் ஐந்தாம் பாடத்தைச் செய்திருக்கிறார் என்று நீ என்னிடமே என்னைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறாய். அதற்கு நான் உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தேன்.

மீதியையும் படித்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டிருந்தாய். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் போயிருக்கிறது. "இன்னும் கோபமா? ‘உங்கள்’ எல்லாம் போடுற" என்று கேட்டிருந்தாய். "தொடர்ந்து படியுங்கள்" என்று போயிருக்கிறது. நான் அனுப்பிய கடிதங்கள் எறும்பு மாதிரி இருக்கின்றன, படிக்க முடியவில்லை, ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் படித்துக்கொள்கிறேன், "பெட்டியில நீ எழுதுறதே போதும்" என்றிருந்தாய். அந்த இரண்டையும் இப்போதே அழித்துவிடு. படிக்கிறேன் என்று கிளம்பாதே. அதில் ஒன்றும் இல்லை, பூனை குட்டி போட்டதைத்தான் எழுதியிருந்தேன்.

கடைசியில், இன்று காலை வந்தது அது. "அக்கா, சூப்பர்வைசர் ஆக்கறாங்க, ஆனா இன்னும் ரெண்டு வருஷம் இருப்பேன்னு நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம். எனக்கு வந்துடலாம்னு இருக்கு. நீ வான்னா வந்துடறேன். இருன்னா இருக்கேன். நீ சொல்றதுதான்." அதற்குக் கீழே, பாடக்குழு: "அடுத்த கட்டத்துக்குச் செல்லும் உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்!"

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அவை ஆபீஸ் தயார்செய்து கொடுத்திருக்கிற பதில்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். தினமும் நூற்றுக்கணக்கில் வரும், அவளும் அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள். "யாரோ அவங்க அக்காகிட்ட பேசறாங்கன்னு அப்பப்ப தோணுச்சு மேடம், பழக்கத்துல எல்லாரையும் அக்கான்னு கூப்பிடறவங்கன்னு விட்டுட்டேன். கடைசி மெசேஜை இன்னைக்குத் திரும்பப் படிச்சப்பதான் பயந்துட்டேன்" என்று அழுதாள். நல்ல பெண்தான். அவள் இல்லாவிட்டால் உன் கேள்வியே எனக்கு வந்திருக்காது. இருந்தாலும் சொல்கிறேன், நீ எனக்கு எழுதிய அத்தனையையும் என்னைவிட முன்னால் படித்தவள் அவள். இந்த வயிற்றெரிச்சல் என்னைவிட்டுப் போகாது. போக வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

ஆகையால் சுண்டு, அந்த வாழ்த்து என்னுடையது இல்லை. நான் "உங்கள்" போடவில்லை. நீ ஒன்றரை மாதமாகக் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. மாடிப்படி விளக்கை நேற்று நானே ஏறி மாட்டினேன். கோபம் இருக்கிறது, பேச முடியாத அளவுக்கு இல்லை.

நீ அங்கேயே இருக்க ஆசைப்பட்டால் இரு. அந்த வேலையை யாரும் உனக்குச் சும்மா கொடுக்கவில்லை, நீ ஈரக் கையோடு படித்து வாங்கியது. இருந்தால் எனக்குப் பெருமைதான், அம்மாவிடமும் ஆபீஸிலும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அக்கா இருக்கச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு இராதே. அக்கா அப்படிச் சொல்லவில்லை. அக்காவைக் கேட்டால் வா என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பாள், வாய் வரவில்லை.

நீ எங்கே இருந்தாலும் கை காயமில்லாமல், வயிறு காயாமல், மனம் வாடாமல் இருக்க வேண்டும். போனைக் கையில் கொடுத்ததும் இதைத்தான் முதலில் பார்ப்பாய் என்று நம்புகிறேன். நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறேன் என்றாலும் சரி, வரவில்லை என்றாலும் சரி, "போடி" என்று திட்டினாலும் சரி. யாருக்கோ எழுதாதே. எனக்கு எழுது.

உன் அக்கா